சும்மா வருது, மீட்டர் ஓடுது

பேராண்டிகளா, பெங்களூர்க் கம்பெனி ஒண்ணு பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டிய ஓசியில தாரேன்னு சொன்னதுல இருந்து உங்க கால் தரையில பாவல. பாவாதுதான். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல பழைய தறிக்கூடத்த வாடகைக்குப் பிடிச்சு, மிக்சி காயில் கட்டவும் சீலிங் ஃபேன் பழுது பாக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கிற பொதுப் பட்டறைக்கு எட்டு ஜிபியு போட்ட மிஷினு வருதுன்னா சும்மாவா? பேரு என்விடியா டிஜிஎக்ஸ்-1. 2016-ல வந்தப்ப விலை 1,29,000 டாலர். அன்னைக்கு நம்ம ரூபாயில சுமார் 85 லட்சம். அத வாங்கி வச்சுக்கிடலாமா வேண்டாமான்னு யோசனை கேக்க வந்திருக்கீக.

யோசனை கேக்கவா வந்தீக? வச்சுக்கிடுங்கப்பான்னு என் வாயால சொல்ல வைக்க வந்திருக்கீக. கையில பால்கோவாப் பொட்டலத்தப் பாத்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். முடிவு பண்ணிட்டு வர்றவன்தான் இனிப்போட வருவான். பொட்டலத்த இப்படிக் குடுத்துட்டு உக்காருங்க. தின்னுக்கிட்டே சொல்றேன்.

முதல்ல குடுக்கிறவுகளப் பாப்போம். அவுக மனசுல ஈரம் இல்லன்னு நான் சொல்லல. ஈரம் இருக்கும், பக்கத்துலயே கணக்கப்பிள்ளையும் இருப்பாரு. வருமான வரிக் கணக்குல கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதிக்கிடலாம். மறுவருஷம் மிச்சத்துல 40. இப்படியே எட்டு வருஷம் எழுதிக்கிட்டு வந்தா 85 லட்சம் ஒண்ணரை லட்சத்துக்கும் கீழ வந்து நிக்கும். உங்க கண்ணுல 85 லட்சம் மின்னுது, அவுக ஏட்டுல அது ஒண்ணரை லட்சம்கூடப் பெறாத சாமானு. சரி, தூக்கி வெளிய போடலாம்னா, 2023 ஏப்ரல் 1-லேருந்து நடப்புல இருக்கிற மின்கழிவு விதி குறுக்க நிக்குது. பெரிய கம்பெனி கழிச்சுக் கட்டுறதப் பதிவு பெத்த ஆளுகிட்டத்தான் முறையா ஒப்படைக்கணும். ஓடுற மிஷினுன்னு சொல்லி உங்களுக்குக் குடுத்துட்டாக்க அது தானம். நாளைக்கு ஓடாமப் போச்சுன்னா அது கழிவு, உங்க கழிவு. பஞ்சு மார்க்கெட் பக்கம் பழைய இரும்புக்காரன்கிட்ட எடை போட்டுட்டு வந்துறலாம்னு நினைக்காதீக.

தானமா வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்கக்கூடாதுன்னு சொல்லுவாக. யாரு சொன்னது? மாட்டக் குடுத்தவன் சொல்லியிருப்பான். நான் பாத்துட்டேன். நானா பாத்தேன், கிருஷ்ணன்கோவில்ல கம்ப்யூட்டர் படிக்கிற என் பேத்தி பாத்துச் சொன்னா. இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது பி100ங்கிற ஜிபியு அட்டையாம், பாஸ்கல் தலைமுறையாம். 2025-ல என்விடியாக்காரன் கூடா 13-ன்னு ஒரு மென்பொருள் விட்டானே, அதுல மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்ட்டான்னு மூணு தலைமுறையவும் கழட்டி விட்டுட்டான். பழைய கூடா 12-ஐப் போட்டு ஓட்டிக்கிடலாம், தப்பில்ல. ஆனா புதுசா எவனாவது ஒரு நிரல் எழுதி, அதுக்குக் கூடா 13 வேணும்னு சொல்லிட்டாம்னா உங்க 85 லட்சம் வாசல்லயே நிக்கும். இதக் கம்பெனிக்காரன் உங்ககிட்டச் சொன்னானா? கேட்டீகளா? கேக்கல. பெட்டிய எந்த மூலையில வச்சா எடுப்பா இருக்கும்னு நூல் பிடிச்சு அளந்துக்கிட்டு இருந்திருக்கீக.

பேத்தி இன்னொரு கணக்கும் போட்டா. அந்த எட்டு அட்டையும் சேந்து நொடிக்கு 85 லட்சம் கோடிக் கணக்குப் போடுமாம். எண்ணிக்கையக் கேட்டு எனக்கே ஒரு நிமிஷம் கிறுகிறுத்துப் போச்சு. அப்புறம் மெதுவாச் சொல்றா, "தாத்தா, 2022-ல வந்த ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை ஒண்ணே ஒண்ணு 82 லட்சம் கோடி போடும். அது குடிக்கிறது 450 வாட். உங்க பேரன்மாரு கொண்டு வர்ற பெட்டி குடிக்கிறது 3,200 வாட்." எட்டுப் பேரு சேந்து இழுக்கிறத ஒருத்தன் தனியா இழுத்துட்டுப் போயிட்டான்னு அர்த்தம். அவ நியாயஸ்தி, அந்தப் பக்கத்தையும் சொன்னா. எட்டு அட்டைக்கும் சேத்து 128 ஜிபி நினைவு இருக்கு, 4090-க்கு 24-தான். அதோட, பதினஞ்சு பதினாறு இலக்கம் பிசகாமப் போடுற ஆராய்ச்சிக் கணக்கு இருக்குல்ல, அதுல இந்தக் கிழட்டுப் பெட்டி 42 லட்சம் கோடி போடும், புது அட்டை ஒண்ணேகால் ஒண்ணரையோட நின்னுரும். அப்ப பெட்டி குப்பையில்ல. காத்தடிக்கிறதையும் வெள்ளம் வர்றதையும் கணக்குப் போட்டுப் பாக்கிறவனுக்கு அது இன்னைக்கும் ராஜாதான். உங்க பட்டறையில அப்படிப்பட்டவன் எவன்டா இருக்கான்?

அந்தா, பின்னால உக்காந்திருக்கிற கெட்டிக்காரன் ஒருத்தன் கைய உசத்துறான். "எட்டு அட்டையவும் கழட்டி எட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிடலாம் தாத்தா." மாட்டுவ மாட்டுவ. கடையில வாங்குற அட்டை மாதிரி மதர்போர்டு ஸ்லாட்டுல சொருகுறது இல்லப்பா அது. எஸ்எக்ஸ்எம்2-ன்னு தனி வாய். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற பலகையில படுக்க வச்சு முடுக்கினாத்தான் உண்டு. அடாப்டர் தேடி அலையலாம். அலைஞ்சு, வாங்கி, மாட்டி, அதுக்குத் தனியா ஃபேன் கட்டி முடிக்கிறதுக்குள்ள உனக்குக் கல்யாணமே ஆகிப்போகும்.

இப்ப மீட்டருக்கு வருவோம். 3,200 வாட் ஒரு நாள் முழுக்க ஓடுனா 76 யூனிட்டுக்கு மேல. மாசத்துக்கு 2,300. வணிக இணைப்புல யூனிட்டுக்குப் பத்து ரூபாய் பக்கம் வச்சுக்கிடுங்க, 23,000 ரூபாய். ராத்திரி நிறுத்திருவோம்னு சொல்றீகளா, சரி, எட்டு மணி நேரம், மாசத்துக்கு 25 நாள். அப்பவும் 640 யூனிட்டு, ஆறாயிரத்துச் சொச்சம். இதுல ஏசி சேக்கல. நம்மூர் சித்திரை வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ ஏசி இல்லாம அத ஓட்டுனீகன்னா, மேல வத்தல் காயப் போட்டு எடுக்கலாம். தறிக்கூடமா இருந்தப்ப அதுக்கு ஒரு சலுகை இருந்துச்சு. விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட் இலவசம், 2023-ல அத 1,000 ஆக்குனாக. சர்வருக்கு எந்த அரசாங்கம் குடுக்கும்? சுவத்துல இருக்கிற 16 ஆம்பியர் பிளக்குப் பாயிண்டப் பாத்தீகளா? அதுல தறி முதலாளி காலத்து ஒயரு. 3,200 வாட்டுன்னா 14 ஆம்பியர் இடைவிடாம இழுக்கும். கொஞ்ச நாள்ல சுவரே வாசனை சொல்லும்.

தூசி இருக்கே, அது தனிக்கதை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறி ஓடுற தெருவுல ஒரு மணி நேரம் நின்னுட்டு வாங்க, இமை முடியில வெள்ளையாப் பஞ்சு படிஞ்சிருக்கும். உங்க கூடத்து உத்தரத்துலயும் இருபது வருஷத்துப் பஞ்சு இன்னமும் தொங்குது. சர்வர் ஃபேனு சீலிங் ஃபேன் மாதிரி நிதானமாச் சுத்துறது இல்ல. உள்ளங்கை அகலங்கூட இல்லாம, விசில் ஊதுற மாதிரிக் கத்திக்கிட்டுக் காத்த உறிஞ்சும். காத்தோட பஞ்சும் போகும். உள்ள இருக்கிற அலுமினியச் சீப்புல பஞ்சு மெத்தையாப் படிஞ்சிரும், சூடு வெளிய போக வழி இருக்காது. வாரத்துக்கு ஒருக்க ப்ளோயர் வச்சு ஊதணும். ஊதுறது யாரு? ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காதீக.

இம்புட்டும் காசு சம்பந்தப்பட்ட சங்கதி. காசப் பெரட்டிறலாம். எனக்கு உறுத்துறது வேற.

உங்க பட்டறைக்கு நான் எதுக்கு வாரேன்? டீ நல்லா இருக்குங்கிறதுக்கு மட்டும் இல்ல. போன தடவ வந்தப்ப எட்டாப்புப் படிக்கிற ஒரு பிள்ள, செத்துப்போன மிக்சியப் பெரட்டிப் போட்டு, அடியில இருக்கிற நாலு திருப்புளி ஆணியவும் கழட்டி, கார்பன் பிரஷ்ஷ வெளிய எடுத்து, "தாத்தா, இது தேஞ்சு போச்சு, அதான் ஓடல"ன்னு உள்ளங்கையில வச்சுக் காட்டுனா. கட்டவிரல் நகத்தளவு கரித்துண்டு. அதக் காட்டுறப்ப அவ மூஞ்சியில இருந்த கர்வத்துக்கு ஒரு மில்ல எழுதிக் குடுக்கலாம். கழட்டுறதுக்குன்னு இருக்கிற இடம் அது. கெட்டாலும் பரவாயில்ல, கழட்டுன்னு சொல்றதாலதான் அதுக்குப் பட்டறைன்னு பேரு. 85 லட்சத்தை எவன்டா கழட்டச் சொல்லுவான்?

பெட்டி வந்து இறங்குன மறுநாள் என்ன நடக்கும்னு சொல்லட்டுமா? முதல்ல அதுக்கு ஒரு அறை கட்டுவீக, கண்ணாடிக் கதவு போட்டு. அறுபது கிலோ கனம், ஆனாலும் எவனாவது தூக்கிட்டுப் போயிருவானோன்னு பூட்டு. பூட்டுன்னா சாவி, சாவின்னா அத வச்சுக்கிட ஒரு பொறுப்பாளர். அப்புறம் கேமரா. அப்புறம் ஒரு நோட்டு, உள்ள போறவன் பேரெழுதி ஒப்பம் போடணும். கதவுல "தொடாதே"ன்னு சிவப்பு மையில எழுதி ஒட்டுவீக. அந்த எட்டாப்புப் பிள்ள கண்ணாடியில மூக்க வச்சு எட்டிப் பாக்கும். யாராவது அத, "ஏ பிள்ள, தள்ளி நில்லு"ன்னு சொல்லுவீக. மிக்சி கொண்டு வர்ற பாட்டிமாரு வாசல்லயே, இது பெரிய எடமாட்டம் இருக்கேன்னு திரும்பிப் போயிருவாக.

புனே ஜில்லாவுல பாபல்னு ஒரு வறண்ட கிராமம். கல்பாக்னு ஒரு விஞ்ஞானி, இந்துஸ்தான் லீவர்ல பெரிய வேலையில இருந்தவரு, 1983-ல அங்க போய் விஞ்ஞான் ஆசிரம்னு ஆரம்பிச்சாரு. பள்ளிக்கூடத்துல பாதியில நின்ன பிள்ளைகள வச்சு வெல்டிங்கு, கட்டட வேலை, மோட்டார், பண்ணைன்னு ஊருக்கு வேண்டிய வேலையச் செஞ்சு குடுத்துக்கிட்டே படிக்கிற ஏற்பாடு. 2002-ல அமெரிக்காவுல எம்ஐடி-காரன் ஃபேப் லேபுன்னு ஒண்ணக் கொண்டு வந்து வச்சப்ப, அமெரிக்காவுக்கு வெளிய முதல்ல வச்சது அந்தப் பாபல்லதான். கவனிங்க, மிஷினு வந்தது 2002-ல, வேலை நடந்துக்கிட்டு இருந்தது அதுக்குப் பத்தொம்பது வருஷம் முன்னால இருந்தே. எது முதல்ல, எது பின்னாலன்னு நான் விளக்கணுமா? உங்க பட்டறைக்கு வயசு என்ன? போன தைக்கு ரிப்பன் வெட்டுனதுதானே.

இந்தப் பக்கக் கதையும் ஒண்ணு சொல்றேன், அது கொஞ்சம் கசக்கும். மதுரைக்கு அந்தப் பக்கம் மேலூர் தாலுகாவுல, 2001 வாக்குல, ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் கியாஸ்கு வச்சாக. ஐஐடி மெட்ராஸ், எம்ஐடி, ஹார்வர்டுன்னு பெரிய பெரிய கைங்க அதுல. கார்டெக்ட்டுன்னு கம்பியில்லா இணைப்பு. வருமானச் சான்று, சாதிச் சான்றுக்கு அங்கயே மனு போடலாம். கேமராவுல கண்ணப் படம் பிடிச்சு அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். அந்தக் காலத்துல இது அதிசயம்டா. வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போனாக. சில வருஷத்துல பெரும்பாலான கியாஸ்கு பூட்டிக்கிடுச்சு. ஆராய்ச்சி பண்ணுனவுக காரணத்த எழுதி வச்சிருக்காக. வருமானம் செலவுக்குக் காணல, ரிப்பேர்னா வந்து பாக்க ஆளில்ல, ஆர்வமா இருந்த அதிகாரிக மாறிப் போனதும் மனு நகரல. தாக்குப் பிடிச்சது எதுன்னு பாத்தா, கம்ப்யூட்டர் படிச்ச ஆளு முதலாளியா இருந்த எடமும், பழகுன ஆளு உக்காந்து நடத்துன எடமும். ஹார்வர்டு வந்தாலும் திங்கக்கிழம காலையில கதவத் திறக்க உள்ளூர்ல ஒருத்தன் வேணுமில்ல.

புதுச்சேரிப் பக்கம் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல ஆரம்பிச்ச கிராம அறிவு மையம் நீங்க கட்டப்போற மாதிரிக் கண்ணாடி அறை கட்டல. ஊருதான் எடம் குடுக்கணும், ஊர்ப் பிள்ளைகதான் நடத்தணும், எல்லாரும் உள்ள வரணும்னு முதல்லயே பேசி வச்சுக்கிட்டாக. எம்பலத்துல அது கோயில் எடத்துலயே இருந்துச்சு. வீராம்பட்டினத்துல அமெரிக்கக் கடற்படை வலைத்தளத்துல இருந்து அலை எம்புட்டு உயரம்னு எடுத்து, கடற்கரையில குழாய் ஸ்பீக்கர்ல சொல்லுவாக, வலைய எடுக்கவா வேண்டாமான்னு மீனவருக முடிவு பண்ணிக்கிடுவாக. நல்லவாடுன்னு இன்னொரு குப்பம். 2004 டிசம்பர் 26 காலையில சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊருப் பையன் ஒருத்தன் போன் போட்டான், கடல் பொங்குது, ஓடுங்கன்னு. மையத்துக் கதவ உடைச்சு, ஸ்பீக்கரப் போட்டுக் கத்துனாக. மூவாயிரத்துக்கு மேல சனம், உசுரு தப்புச்சு. அந்த மையத்துல இருந்த சாமான்லயே விலை கொறஞ்சது அந்தக் குழாயாத்தான் இருக்கும். அத இயக்க எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

ஆண்டாள் கோயில் பெரிய தேரப் பாத்தே வளந்த பிள்ளைக நீங்க. உங்களுக்கு அதச் சொன்னாப் போதும். அதச் செஞ்சு நிறுத்துனது என்னமோ பெரிய கைதான். ஆனா ஆடிப்பூரத்தன்னைக்கு அது நகரணும்னா வடம் பிடிக்க ஆயிரக்கணக்குல ஆளு, பின்னால தடி போட ஆளு, சக்கரத்துக்கு முன்னால முட்டுக்கட்டை போட உசிரப் பணயம் வச்ச ஆளு. முன்னெல்லாம் நாலு வீதி சுத்தி நிலைக்கு வர நாள்கணக்கா ஆகும். வேலைவெட்டிக்கு ஆளு போயிட்டா நட்ட நடு வீதியில நிக்கும். அதுக்கப்புறம் இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக்குன்னு போட்ட பின்னாடிதான் காலையில கிளம்பி அன்னைக்கே நிலை சேருது. தேரு பெருசா சின்னதாங்கிறதப் பத்தி எங்க காலத்துல யாரும் பேசமாட்டாக. வடத்துக்கு ஆளு சேந்துச்சா, அதத்தான் கேப்பாக. உங்க பட்டறையில வடம் பிடிக்கிற ஆளு எத்தன? லினக்ஸ் தெரிஞ்சவன் ஒரே ஒருத்தன். அவனும் சென்னையில இண்டர்வியூ முடிச்சுட்டு ஆர்டருக்குக் காத்துக்கிட்டு இருக்கான். தலையக் குனியாதடா, போய்ப் பிழைக்கிறது தப்பில்ல. போறப்ப பாஸ்வேர்ட எழுதி வச்சுட்டுப் போ.

அப்ப வேண்டாம்னு சொல்லிறவா? அவசரப்படாதீக. வேண்டாம்னு சொல்றவனுக்கு அடுத்த தடவ யாரும் எதுவும் குடுக்க மாட்டாக. வாங்குங்க. வாங்கிறதுக்கு முன்னால கடுதாசியில ஒரு வரி எழுதி வாங்குங்க: இந்த மிஷின நாங்க விக்கலாம், மாத்திக்கிடலாம், வேற யாருக்கும் குடுக்கலாம், உங்களக் கேக்க வேண்டியதில்ல. ஒப்பம் போட்டாகன்னா குடுத்தது நிசம். இல்ல, அஞ்சு வருஷத்துக்கு எங்க பேர்ப்பலகையோட அங்கயேதான் இருக்கணும்னு இழுத்தாகன்னா, அவுக சாமானுக்கு வாடகையில்லாம ஒரு குடோன் தேடுறாகன்னு வச்சுக்கிடுங்க.

இதென்ன மொட்டையாக் கேக்கிறதுன்னு கூச்சப்படாதீக. நம்மூர்லயே பி. எஸ். குமாரசாமி ராஜா இருந்தாரே, 1949-லேருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சர், அப்புறம் ஒரிசாவுக்குக் கவர்னர். குடியிருந்த சொந்த வீட்டையே ஊருக்கு எழுதிக் குடுத்தாரு, அதுதான் காந்தி கலை மன்றம். குடுத்தா அப்படிக் குடுக்கணும். கம்பெனிக்காரன் வீட்டையா குடுக்கிறான், வீட்டுல இருந்து கழிச்சத.

கூடவே இன்னொண்ணு கேளுங்க, கூசாமக் கேளுங்க: ஓட்டுற செலவு. நீதி ஆயோக்கு 2016-ல ஆரம்பிச்சு, அடல் டிங்கரிங் லேபுன்னு பள்ளிக்கூடத்துக்கெல்லாம் 20 லட்சம் குடுக்குதே, அதுல சாமான் வாங்கி எடத்தச் சரி பண்ண 10 லட்சந்தான். மத்த 10 லட்சம் அஞ்சு வருஷம் நடத்துறதுக்கு. அரசாங்கத்துக்கே தெரிஞ்சிருக்கு, சாமானுக்கு ஒரு பங்குன்னா நடத்துறதுக்கு ஒரு பங்குன்னு. பெங்களூர்க்காரனுக்கு நீங்க நினைவுபடுத்துனாப் போதும். பதில் வரலன்னா வருத்தப்படாதீக, பதில் வந்துருச்சுன்னு அர்த்தம்.

கடுதாசி கையில வந்துருச்சுன்னு வைங்க. பெட்டிய லாரியில இருந்து இறக்கவே இறக்காதீக. இறக்குனீகன்னா ஆசை வந்துரும். கிருஷ்ணன்கோவில்ல கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கு, ராஜபாளையத்துல ராம்கோ பொறியியல் கல்லூரி இருக்கு. பேத்தி சொன்னாளே, துல்லியக் கணக்குன்னு, அது தேவைப்படுற வாத்தியார் ஒருத்தராவது எங்கயாவது இருப்பாரு. கல்லூரின்னா ஏசி அறைக்கும் கரண்டு பில்லுக்கும் வழி இருக்கும். அங்க போயி, ஓசியில குடுக்கிறேன்னு சொல்லிறாதீக. ஓசின்னா மதிப்பு இருக்காது, அது உங்களுக்கே இப்பத் தெரிஞ்சிருக்கும். மாத்துக்கு மாத்துப் பேசுங்க. பெட்டி உங்ககிட்ட, எங்க பிள்ளைகளுக்கு வாரத்துல இம்புட்டு மணி நேரம் இங்க இருந்தே இண்டர்நெட்டு வழியா அதுக்குள்ள போயி வேலை பாக்க வழி வேணும். அப்புறம், உங்க லேபுல மாத்தி அடுக்கி வச்சிருப்பீகளே பழைய கம்ப்யூட்டரு, அதுல இருபது குடுங்க. இருபது சாதாரணக் கம்ப்யூட்டரு, ஒவ்வொண்ணும் நூறு வாட்டு கூடக் குடிக்காது, கெட்டா நீங்களே கழட்டலாம், செத்தா ரேமையும் ஹார்டு டிஸ்கையும் எடுத்து இன்னொண்ணுல போடலாம். எட்டாப்புப் பிள்ள ஒண்ணத் திருப்புளியோட எடுத்து மடியில வச்சுக்கிடட்டும், எவனும் அதட்டமாட்டான்.

"ஏஐ படிக்கணும் தாத்தா, அதுக்கு ஜிபியு இல்லாம முடியாது"ன்னு முனங்குறது கேக்குது. படி. யாரு வேண்டாம்னா? கூகுள் கோலாபுன்னு ஒண்ணு இருக்காமே, ஜிபியுவ ஓசியிலயே கொஞ்ச நேரத்துக்குத் தாரானாமே, பேத்தி அதுலதான் பாடம் படிக்கிறா. அதுல உனக்கு ஒதுக்குன நேரம் பத்தாமப் போயி, நடுவுல அறுந்து விழுந்து, நீ கோவத்துல கீபோர்டத் தட்டுற நிலைக்கு வந்துட்டேன்னா என்கிட்ட வா. அப்ப நானே நாலு பேர்கிட்ட வசூல் பண்ணி ஒரு 4090 வாங்கித் தாரேன். அதுவரைக்கும் உனக்குப் பசி இல்ல, பந்தியில எலையப் பாத்து வந்த ஆசை. என்னமோ சொல்லுவீகளே, எங்க பட்டறையில டிஜிஎக்ஸ் இருக்குன்னு ஃபேஸ்புக்குல போடணும், அதானே? போட்டுக்கிடுங்க. லாரி மேல ஏறி நின்னு ஒரு படம் எடுத்துக்கிட்டு, லாரிய அப்படியே கிருஷ்ணன்கோவிலுக்கு விடுங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுத்து வச்சுக்கிடுங்க. அந்தப் பெட்டிய அடைச்சு வர்ற மரச்சட்டம், நல்ல பைன் மரமா இருக்கும், ஆணியோட வரும். தச்சு பழகுற பசங்களுக்கு நாலு ஸ்டூலு தேறும். அதுல ஒண்ணு எனக்கு. இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து உங்களுக்குப் புத்தி சொல்லிச் சொல்லி இடுப்பு போச்சு. அந்தப் பால்கோவாவ எங்கடா காணோம்?